டி-ரெக்ஸுக்கு இது என்ன வேணும்?

சென்ற வருஷம் மே மாதம் தஞ்சாவூரில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பொம்மைக் கடையில் டைனோசர் செட் ஒன்று வாங்கினேன். பத்துப் பொம்மை, கூடவே மடித்து வைத்த ஒரு சுவர்ப்படம். பெட்டியில் போட்டிருந்த விலை 1,400 ரூபாய். கடைக்காரர் 1,150க்குக் கொடுத்தார். பெட்டி மேல் 'டி-ரெக்ஸ் குடும்பம்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. வாங்கின கையோடு எழுதியிருந்தால், நன்றாக இருக்கிறது, வாங்கலாம் என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். ஒரு பள்ளி ஆண்டு முழுக்க முப்பத்தோரு பிள்ளைகள் கையில் புழங்கின பிறகு எழுதுவதால் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஏழாம் வகுப்பில் வகைப்பாட்டியல் பாடம் வரும். முதுகெலும்பு உள்ளவை, இல்லாதவை, ஊர்வன, பறப்பன என்று போர்டில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஏன் இதையும் அதையும் ஒரே கூட்டத்தில் வைக்கிறோம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அதற்காகத்தான் வாங்கினேன், சொந்தக் காசில்.

முதலில் பொருளின் தரம். ரப்பர் மாதிரி வளைகிற பிளாஸ்டிக். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாடை. மாடியில் நிழலில் இரண்டு நாள் வைத்தேன், போய்விட்டது. பெயிண்ட் கெட்டி. பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் முக்கினார்கள், ஈர மணலில் புதைத்துத் தோண்டினார்கள், சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்துக் கழுவினார்கள். பத்தில் எட்டுக்கு இன்றுவரை வண்ணம் உரியவில்லை. ஒன்றுக்கு மட்டும் கால் கோணி, நிறுத்தினால் குப்புற விழுந்தது. மறுவாரம் கொண்டுபோனேன். கடைக்காரர் பில்கூடக் கேட்கவில்லை. "சுடுதண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு, காலை நிமித்திப் பிடிச்சுக்கிட்டுப் பச்சைத் தண்ணியில காட்டுங்க டீச்சர். அப்பவும் நிக்கலைன்னா செட்டையே மாத்தித் தர்றேன்" என்றார். அப்படியே செய்தேன், நின்றது. இந்த மாதிரிக் கடைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

பத்தில் மிக நன்றாகச் செய்திருப்பது டி-ரெக்ஸ்தான். அதை உள்ளங்கையில் வைத்து மேலிருந்து பாருங்கள். தலை பின்பக்கம் அகன்று, மூக்குப் பக்கம் ஒடுங்கியிருக்கும். அதனால் இரண்டு கண்ணும் பக்கவாட்டில் பார்க்காமல் முன்னே பார்க்கும். அசல் மண்டையோடும் இப்படித்தான். வாயைத் திறந்த வாக்கில் வார்த்திருக்கிறார்கள். பல் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய் மாதிரித் தடித்திருக்கிறது. சதையை அறுக்கிறதோடு எலும்பையும் நொறுக்குகிற பல் அது. மூன்று கொம்பு டிரைசெரடாப்ஸின் எலும்பில் அந்தப் பல் இறங்கின குழிகளே கிடைத்திருக்கின்றன. கையில் இரண்டே விரல். 1905ல் ஆஸ்பார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு டைரனோசாரஸ் ரெக்ஸ் என்று பெயர் வைத்தபோது முழுக் கை கிடைத்திருக்கவில்லை. இரண்டு விரல் என்பது பிற்பாடு உறுதியானது. இந்தப் பொம்மை செய்தவர் யாரோ, எலும்புக்கூட்டைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார். வாலும் தரையில் இழுபடவில்லை. முதுகு கிடைமட்டமாக, வால் பின்னால் நீண்டு, தராசுத் தட்டு மாதிரி உடம்பு சமமாக நிற்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த டைனோசர் படமெல்லாம் கங்காரு மாதிரி நிமிர்ந்து வாலில் உட்கார்ந்திருக்கும்.

பக்கத்திலேயே ஜிகனோடோசாரஸ். அர்ஜென்டினாவில் கிடைத்து 1995ல் பெயர் வைக்கப்பட்டது. நீளத்தில் டி-ரெக்ஸுக்குச் சளைக்காதது, இரண்டுமே 12 மீட்டருக்குக் குறையாது. பெட்டிக்காரர்கள் இங்கேதான் சிக்கனம் பார்த்துவிட்டார்கள். ஒரு பையன் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், தலை மட்டும்தான் வேற. உடம்பு ஒரே அச்சு" என்றான். வாங்கிப் பார்த்தேன். தொடையில் இருக்கும் சின்ன மடிப்பு, வாலுக்கு அடியில் வார்ப்புக் கோடு எல்லாம் அச்சு மாறாமல் இருந்தது. கையிலும் அதே இரண்டு விரல். ஜிகனோடோசாரஸுக்கு மூன்று விரல் இருக்க வேண்டும்.

அவன் அதோடு விடவில்லை. சுவர்ப்படத்தைக் காட்டிக் கேட்டான். "டீச்சர், டி-ரெக்ஸுக்கு இது என்ன வேணும்?"

நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் போனால் கேட்பார்களே, அவரு உனக்கு என்ன வேணும் என்று, அதே கேள்வி. வகைப்பாட்டியல் முழுக்க இந்த ஒரு கேள்விதான் என்று எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

சுவர்ப்படத்தில் இதற்குப் பதில் இல்லை. நடுவில் டி-ரெக்ஸ், சுற்றி ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் நடுவிலிருந்து ஒரு கோடு. கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் சுற்றத்தார் எல்லோரையும் ஒரே வரிசையில் போட்ட மாதிரி. யார் அண்ணன், யார் பங்காளி, யார் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒன்றும் தெரியாது. பெரிய உடம்பு, கூரான பல், இரண்டு காலில் நடை. இவற்றில் இரண்டு இருந்தாலே குடும்பத்தில் சேர்த்தாயிற்று.

படத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவர் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் மூணாறு தலைப்பில் ஷட்டர் ஏற்றி இறக்கின கை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ஆறு பிரிகிற இடத்தை நாங்கள் தலைப்பு என்போம். நீடாமங்கலத்தில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிற இடம் மூணாறு தலைப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுல தலைப்பு எங்கம்மா?" என்று கேட்டார்.

"எல்லாம் டி-ரெக்ஸ்லேர்ந்து பிரியற மாதிரி போட்டிருக்காங்கப்பா."

"அது எப்படி? கடைசி ஆளுன்னு நீதானே சொன்னே. கடைமடையிலேர்ந்து தலைப்புக்குத் தண்ணி ஏறுமா?"

நான் சொல்லியிருந்தது உண்மைதான். டி-ரெக்ஸ் டைனோசர் காலத்தின் கடைசியில், 6 கோடியே 80 லட்சம் ஆண்டிலிருந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டு முன்புவரை வட அமெரிக்காவில் இருந்தது. ஜிகனோடோசாரஸ் அதற்கும் சுமார் 3 கோடி ஆண்டு முந்தியது. செட்டில் இருக்கிற இன்னொரு மாமிச டைனோசர் அல்லோசாரஸ் 15 கோடி ஆண்டுக் கணக்கு. அல்லோசாரஸுக்கும் டி-ரெக்ஸுக்கும் நடுவே இருக்கிற காலம், டி-ரெக்ஸுக்கும் நமக்கும் நடுவே இருப்பதைவிட அதிகம். கொள்ளுப்பேரனை நடுவில் உட்கார வைத்து, பாட்டன் பூட்டன் காலத்து ஆட்களையெல்லாம் அவனிடமிருந்து கோடு இழுத்துக் காட்டினால் எப்படி?

அப்பா அப்புறம் சொன்னதுதான் என் வருஷம் முழுக்க ஓடின பாடம். "தஞ்சாவூர்லேர்ந்து திருவையாறு பஸ்ஸுல போறியே, எத்தனை ஆறு தாண்டறே? வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவேரி. அஞ்சு. பஸ்ஸுல உக்காந்து பார்க்கறவனுக்கு அஞ்சும் பக்கத்துப் பக்கத்து ஆறு, அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனா குடமுருட்டி காவேரியிலேர்ந்து பிரிஞ்சது. வடவாறும் வெட்டாறும் தென்பெரம்பூர்ல வெண்ணாத்துலேர்ந்து பிரிஞ்சது. வெட்டாத்துக்குப் பக்கத்துல குடமுருட்டி ஓடுதுங்கறதுக்காக அது உடன்பிறப்பு ஆயிடுமா? அகலத்தைப் பார்க்காதே. எந்தத் தலைப்புல பிரிஞ்சுதுன்னு பாரு."

மறுநாள் வகுப்பில் சுவர்ப்படத்தைத் திருப்பி, பின்பக்க வெள்ளையை விரித்தேன். நம் ஆறுகள் மாதிரி வரையலாம் என்றேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எல்லோரும் அந்தத் திருவையாறு பஸ்ஸில் போனவர்கள்தான்.

கல்லணை இருக்கிற இடத்தில் தெரோபாட் என்று எழுதினோம். இரண்டு காலில் நடந்த, பெரும்பாலும் மாமிசம் தின்ற டைனோசர் கூட்டம் முழுவதற்கும் அதுதான் பெயர். அங்கிருந்து கீழே வந்தால் முதலில் பிரிகிற பெரிய கிளையில் கார்னோடாரஸ் போனது. கண்ணுக்கு மேலே இரண்டு கொம்போடு அர்ஜென்டினாவில் கிடைத்தது, 1985ல் பெயர் வைத்தார்கள். அதன் கையைப் பார்த்தால் டி-ரெக்ஸின் கையே நீளம் என்று தோன்றும், முன்னங்கை அவ்வளவு குட்டை. ஆனால் அதில் நாலு விரல். அடுத்த தலைப்பில் ஸ்பைனோசாரஸும் பேரியானிக்ஸும் ஒரே வாய்க்காலில் பிரிந்தன. 1824ல், உலகத்திலேயே முதன்முதலாக அறிவியல் பெயர் பெற்ற டைனோசர் மெகலோசாரஸும் இவர்கள் பக்கம்தான். இந்தத் தலைப்பை எந்த இடத்தில் போடுவது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு ஓடுகிறது. 2019ல் வந்த ஓர் ஆய்வு இவர்களையும் அல்லோசாரஸ் கூட்டத்தையும் ஒரே வாய்க்காலில் விட்டது. அதனால் அந்தக் கோட்டை மட்டும் பென்சிலில் வரைந்தோம்.

அதற்கும் கீழே மூன்றாவது தலைப்பு. பையன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான். ஒரு பக்கம் அல்லோசாரஸ், ஜிகனோடோசாரஸ், கார்கரோடோன்டோசாரஸ். இன்னொரு பக்கம் டி-ரெக்ஸ், டார்போசாரஸ், ஆல்பர்டோசாரஸ். இரண்டு கிளையும் பிரிந்து 16 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. டி-ரெக்ஸின் பக்கத்து முன்னோர் கூட்டத்தில் ஒன்றான குவான்லாங் சீனாவில் 16 கோடி ஆண்டுப் பாறையில் கிடைத்திருக்கிறது. தலையில் கொண்டையோடு, மூன்று விரலோடு, மூன்று மீட்டர் நீளம்தான். அந்த அளவில் தொடங்கின ஆறு கடைமடையில் டி-ரெக்ஸ் ஆனது. இந்தப் பக்கம் பெருத்ததும் அந்தப் பக்கம் பெருத்ததும் தனித்தனிச் சங்கதி. 9 கோடி ஆண்டு வாக்கில் ஜிகனோடோசாரஸின் கிளை வற்றிப் போனது. அதற்குப் பிறகுதான் வடக்கே டி-ரெக்ஸின் கிளைக்காரர்கள் அவ்வளவு பெரிதானார்கள்.

பல்லைப் பார்த்தாலும் தெரியும். டி-ரெக்ஸ் பல் மொந்தன் வாழைக்காய் என்றேன். கார்கரோடோன்டோசாரஸின் பல் தட்டையாக, மெல்லிசாக, ஓரம் பூராவும் பொடிப் பொடிப் பல்லோடு நம் கருக்கரிவாள் மாதிரி இருக்கும். பெயரிலேயே பெரிய வெள்ளைச் சுறாவின் பெயர் இருக்கிறது. இந்தப் பொம்மையில் அதை அழகாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். வாயின் பக்கவாட்டில் விரல் நுனியால் தடவினால் தகடு தகடாகத் தட்டுப்படும். டி-ரெக்ஸ் பொம்மையில் தடவினால் குமிழ் குமிழாக. கண்ணை மூடிக்கொண்டு பல்லைத் தடவிப் பெயர் சொல்லும் விளையாட்டு ஒன்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். செட்டை வாங்குகிறவர்கள் வீட்டில் செய்து பாருங்கள்.

டார்போசாரஸ் மங்கோலியாவில் கிடைத்தது. டி-ரெக்ஸுக்கு மிக நெருங்கின உறவு, கூடப்பிறந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஆல்பர்டோசாரஸ் ஒன்றுவிட்ட உறவு. ஜிகனோடோசாரஸ் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் பாகம் பிரிந்துபோன பங்காளி வழி; பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கோயிலில் பார்த்தால் உண்டு. இந்த முறையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை, என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அப்ப டி-ரெக்ஸ் பக்கத்து ஆத்துல வேற யாரு டீச்சர் இருக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

கோழி என்றேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. டி-ரெக்ஸ் இருக்கிற அதே கிளையில்தான் பறவைகளும் பிரிகின்றன. 2012ல் சீனாவில் யுடைரானஸ் என்று டி-ரெக்ஸ் வகையறாவில் ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், உடம்பில் இறகு இழைகளின் தடத்தோடு. டி-ரெக்ஸுக்கு ஜிகனோடோசாரஸைவிட கொல்லையில் மேய்கிற நாட்டுக்கோழி நெருங்கின சொந்தம். அந்தப் பெண் மறுநாள் களிமண்ணில் ஒரு கோழி செய்து வந்து, வாலில் நிஜக் கோழி இறகு ஒன்றைச் செருகி, டி-ரெக்ஸ் பக்கத்து வாய்க்காலில் வைத்தாள். பதினோராவது பொம்மை.

பெட்டிக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அறிவியல் உலகமே ரொம்ப காலம் இப்படித்தான் நினைத்தது. பெரிய மாமிச டைனோசர் என்றால் கார்னோசார் என்று ஒரே பெட்டி. அல்லோசாரஸும் டி-ரெக்ஸும் அதற்குள். சின்ன உடம்புக்காரர்களுக்குத் தனிப் பெட்டி. 1990களில், குறிப்பாக 1994ல் தாமஸ் ஹோல்ட்ஸ் என்ற ஆய்வாளர் எலும்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, டி-ரெக்ஸ் அந்தப் பெட்டியில் இருக்க வேண்டியதில்லை, சின்ன உடம்புக்காரர்களின் கிளையில் பெரிதாகிப் போனது என்று எழுதினார். பாதத்தைப் பார்த்தால் ஓர் அடையாளம் கிடைக்கும். டி-ரெக்ஸின் பாதத்தில் நடு எலும்பு மேல்பக்கம் இரண்டு பக்க எலும்புகளுக்கு நடுவே நெருக்குண்டு ஒல்லியாகிவிடும். நெருப்புக்கோழி மாதிரி ஓடின டைனோசர்களுக்கும் அதே அமைப்பு உண்டு. அல்லோசாரஸுக்குக் கிடையாது. சரி, அது முப்பது வருஷத்துக்கு முந்தின செய்தி. இப்போது அச்சாகிற சுவர்ப்படத்தில் திருத்தியிருக்கலாம் என்றுதான் என் ஆதங்கம்.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பிள்ளைகளை அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனபோது சொன்னேன். ஐந்து ஆறும் தாண்டி, திருமானூர்ப் பாலத்தில் கொள்ளிடமும் தாண்டினால் நிலம் மாறிவிடும். வண்டல் போய்ச் செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் வரும். அந்தச் சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமெண்டுக்கு வெட்டுகிறார்கள், அதில்தான் பழைய கடல் கிளிஞ்சல்கள் கிடைக்கின்றன. அதே வயசுப் பாறை அடுக்குகள் நம் வயலுக்கடியில், வண்டலுக்கும் கீழே ஆழத்தில் இருக்கின்றன. இந்த மொத்த நிலத்துக்கும் புவியியலார் வைத்த பெயர் காவிரிப் படுகை. அரியலூர் வட்டாரத்தில் கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த எலும்புகளைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலார் 1987ல் எழுதினார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். அப்பாவைவிட உயரம். பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், பெருத்த உடம்புக்காரன் என்று அர்த்தம். அப்போது அதை எந்தக் கூட்டத்தில் சேர்த்தார்கள் தெரியுமா? இந்தப் பெட்டியில் இருக்கிற அதே கூட்டத்தில், மாமிசம் தின்னும் கார்னோசார் என்று. பிற்பாடு சங்கர் சட்டர்ஜி போன்ற ஆய்வாளர்கள் பார்த்துவிட்டு, நீளக் கழுத்தோடு தழை தின்ற பிரம்மாண்டமான டைனோசர் வகை அது என்றார்கள். இப்போது பெரும்பாலோர் அதைத்தான் ஏற்கிறார்கள். பிறந்த வீடே மாறிவிட்டது.

அந்த எலும்புகள் இன்றைக்குக் கையில் இல்லை. பாதுகாப்பாக வந்து சேராமல் பொடிந்துபோயின. வரைபடமும் அளவுகளும்தான் மிச்சம். இதைச் சொன்னபோது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. ஸ்பைனோசாரஸுக்கும் இதே கதிதான். ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் எகிப்திலிருந்து கொண்டுவந்து 1915ல் பெயர் வைத்த எலும்புகள், 1944ல் மூனிச் அருங்காட்சியகத்தில் குண்டு விழுந்து அழிந்தன. அதற்குப் பிறகு மொராக்கோவில் வேறு எலும்புகள் கிடைத்து, 2020ல் அதன் வால் துடுப்பு மாதிரிப் பட்டையானது என்று தெரிந்தது. இந்தச் செட்டில் இருக்கிற ஸ்பைனோசாரஸுக்குப் பழையபடி சாட்டை வால். அதுவும் ஒரு குறை.

கல்லமேட்டிலிருந்து இன்னொரு செய்தியும் உண்டு. 2013ல் அங்கே கிடைத்த ஒரே ஒரு குட்டிப் பல்லை வைத்து, அது ட்ரூடான்டிட் என்ற சின்ன மாமிச டைனோசர் வகையுடையது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். பறவைகளுக்கு மிக நெருங்கின கூட்டம் அது. அப்படியென்றால் டி-ரெக்ஸ் ஓடுகிற அதே கிளையில் அரியலூர்க்காரன் ஒருவன் இருக்கிறான். எங்கள் படத்தில் கோழிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பல் வரைந்து 'அரியலூர்' என்று எழுதியிருக்கிறோம்.

பத்தாவது பொம்மையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. முதுகில் விசிறி விரித்த மாதிரி, நாலு காலில் நிற்கிற டைமெட்ரோடான். அழகான பொம்மை, ஆனால் டைனோசரே கிடையாது. டைனோசர் தோன்றுவதற்குச் சுமார் 4 கோடி ஆண்டு முன்பே மறைந்துவிட்டது. நம்மைப் போன்ற பாலூட்டிகள் வந்த கிளையைச் சேர்ந்தது. "அப்ப நமக்குச் சொந்தமா டீச்சர்?" என்றான் ஒருவன். ஆமாம், டி-ரெக்ஸைவிட உனக்கும் எனக்கும்தான் சொந்தம் என்றேன். அன்றிலிருந்து அது ஆற்றுப் படத்தில் இல்லை, என் மேஜைமேல் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடும்பம் என்று எழுதி விற்கிற பெட்டியில் இதைச் சேர்த்தது பெரிய தவறு. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், இதை வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சின்னக் குறைகள் இன்னும் இரண்டு. பத்தும் ஏறக்குறைய ஒரே நீளம், 15 சென்டிமீட்டர். பேரியானிக்ஸ் அசலில் டி-ரெக்ஸைவிட நன்றாகச் சின்னது. அளவு விகிதம் போடவில்லை. அப்புறம், இரண்டு காலில் நிற்கிற எல்லாப் பொம்மைக்கும் உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. இந்த மிருகங்களால் மணிக்கட்டை அப்படித் திருப்ப முடியாது. கை தட்டப் போகிற மாதிரி உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்திருக்க வேண்டும். சுடுதண்ணீர் வைத்தியத்தில் நாலு பொம்மைக்குச் சரி செய்துவிட்டோம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது, இந்தியாவிலிருந்து ஒன்றுகூட இல்லாததுதான். ராஜசாரஸ் இருக்கிறது. குஜராத்தில் ராகியோலி என்ற ஊரில் 1980களில் எலும்பு எடுத்து, 2003ல் ராஜசாரஸ் நர்மதென்சிஸ் என்று நர்மதை நதியின் பெயரால் பெயர் வைத்தார்கள். நெற்றியில் சின்னதாக ஒரு கொம்பு மேடு. கார்னோடாரஸின் கிளையைச் சேர்ந்தது, மடகாஸ்கரில் கிடைத்த மஜுங்காசாரஸுக்கு நெருங்கின உறவு. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்தான் பிரிந்தன. அண்ணன் தம்பி நடுவே கடல் வந்த கதை. ஜபல்பூரில் கிடைத்து 1933லேயே பெயர் பெற்ற இந்தோசூகஸ், இந்தோசாரஸ் இரண்டும்கூட இந்தக் கிளைதான். வட அமெரிக்காவில் டி-ரெக்ஸ் இருந்த காலத்தில் நம் மண்ணில் ராஜ்ஜியம் நடத்தியவர்கள் இவர்கள்.

வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். 1,150 ரூபாய்க்கு எட்டு உருப்படியான பொம்மை, இரண்டு வருஷம் தாங்கும். ஆறு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஏற்றது, வால் நுனி கூராக இருப்பதால் அதற்குச் சின்னவர்களிடம் கொடுக்க வேண்டாம். சுவர்ப்படத்தை முன்பக்கம் மாட்டாதீர்கள். பின்பக்க வெள்ளைத் தாள் நல்ல கனம், ஸ்கெட்ச் பேனா மை ஊறாது.

போன மாதம் கடைக்குப் போயிருந்தேன், ஆறாம் வகுப்புக்கு இன்னொரு செட் வாங்க. ராஜசாரஸ் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் அந்தப் பெயரைக் கேட்டதில்லை. நம் நாட்டு டைனோசர் என்று சொன்னதும் கல்லாவுக்குக் கீழிருந்து ஆர்டர் நோட்டை எடுத்து, பெயரை என்னை ஒருமுறை நிறுத்திச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, "ரெண்டு போட்டுக்கறேன் டீச்சர். உங்களுக்கு ஒன்னு, ஷோகேஸுக்கு ஒன்னு" என்றார்.